கூட்டை மறைத்த இலை

"உன் தம்பி படம் எடுத்தானா, இலைக்குக் காவல் இருந்தானா?"

சண்முகக்கனியிடம் இப்படிக் கேட்டவர் தாவீது. தென்காசியில் இருபத்தைந்து வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர்.

அவள் தம்பி சுடலைமணி, காடே கதியென்று பறவைகளைப் படம் எடுத்தவன். மஞ்சள்காமாலையில் போனபோது வயது முப்பத்தொன்று. அவன் படங்களைப் புத்தகமாகப் போடத் தாவீதுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் கூட்டுப் படம் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஓர் இலை. கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறேன் என்று ஒரு வாரமாக அவள் உயிரை வாங்கினார்.

கனி தம்பியோடு பத்து வருஷம் காடு சுற்றியவள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"கேமராவ எடுத்துக்கிட்டு வாங்க அண்ணாச்சி."

மலையடிவாரத்தில் ஒரு புங்கங்கன்று. நெஞ்சு உயரத்தில் கொண்டைக்குருவிக் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள், இறகுகூட முளைக்கவில்லை. அதன் மேலும் முன்னாலும் கவிந்து இலையடர்ந்த ஒரு கொப்பு.

அவள் வாயைத் திறக்குமுன் மனுஷன் கொப்பை ஒடித்துவிட்டார். அப்படி என்ன அவசரமோ!

உச்சி வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியது. மூன்று குஞ்சும் வாயைப் பிளந்தன.

பசிக்கு வாய் திறக்கிறது, அருமையான படம் என்று கேமராவைத் தூக்கினார்.

"பசியில்ல. வெயில் தாங்கல."

தாவீதுக்கு முகம் செத்துவிட்டது. ஒடித்த கொப்பை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாய்க்குருவி பக்கத்து மரத்தில் கத்திக்கொண்டே இருந்தது. கிட்ட வரவில்லை. அரை மணி நேரத்தில் அவருக்குக் கை மரத்துப்போனது.

"நான் நின்னா தாய் வர மாட்டேங்கு. போனா வெயில் கொல்லுது. என்னதான் செய்யச் சொல்லுதே?"

கனி அவர் கேமராவின் வாரைக் கழற்றினாள். அதைக்கொண்டு கொப்பை இருந்த இடத்திலேயே கட்டினாள். அவர் சட்டையைப் பிடித்து முப்பதடி பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

தாய் வந்து கூட்டில் உட்கார்ந்தது.

"இப்ப எடுங்க."

தாவீது கேமராவைக் கண்ணில் வைத்தார். குருவியின் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு குறுக்கே அதே இலை.

காற்று அடித்தது. கொப்பு ஆடியது.

"விழுந்துராத, தாயி," என்று இலையிடம் கெஞ்சினார் தாவீது.