இருபது என்று எழுதிய மூச்சு

பூங்கோதைக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் ஆகி, தூக்கமும் போய், பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு ஆசிரமத்தில் மூச்சுப் பயிற்சி பழக வந்திருந்தாள். குரு அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவளுக்கு அவர் சாமிதான்.

லீவு அன்றோடு முடிந்தது; மறுநாள் காலை டியூட்டி. போவதா, வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவதா என்று இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

“நாலு எண்ணி இழுக்குறேன் சாமி, ஆறு எண்ணி விடுறேன். ஒண்ணும் ஆகலை.”

“என்ன ஆகணும்?”

“மறக்கணும்.”

எதை என்று குரு கேட்கவில்லை. “ஆஸ்பத்திரியில மூச்சை எப்படிம்மா எண்ணுவீங்க?” என்றார்.

“நாடி பார்க்குற மாதிரி கையைப் பிடிச்சுக்குவோம். கண்ணு மட்டும் நெஞ்சு மேல இருக்கும். எண்ணுறோம்னு தெரிஞ்சா அவங்க மூச்சு மாறிடும்.”

“நல்ல திருட்டுத்தனம்தான்.”

வந்த இத்தனை நாளில் அன்றுதான் அவள் சிரித்தாள்.

“எவ்வளவு நேரம் எண்ணணும்?”

“முழுசா ஒரு நிமிஷம்.”

சொன்னதும் சிரிப்பு அணைந்துவிட்டது.

“அம்பது கட்டிலுக்கு ரெண்டு பேரு சாமி. நிமிஷத்துக்கு நான் எங்க போவேன்? எண்ணாமலே எல்லார் தாள்லயும் மூச்சு இருபதுன்னு எழுதிடுவோம். இருபதுன்னா சரியான அளவு, யாரும் கேட்க மாட்டாங்க.”

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

“வெள்ளைத்தாயின்னு ஒரு அம்மா. ‘கொஞ்சம் இரைக்குது சிஸ்டர்’னு சொன்னாங்க. ‘இதோ வர்றேம்மா’ன்னு சொல்லி, இருபதுன்னு எழுதிட்டு நகர்ந்துட்டேன். மத்தியானம் போயிட்டாங்க. அவங்க மக என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் நல்லாப் பார்த்துக்கிட்டேனாம்.”

“எண்ணியிருந்தா பிழைச்சிருப்பாங்களா?”

“தெரியாது சாமி. அந்தத் தெரியாததுதான் தினமும் என் நெஞ்சு மேல ஏறி உட்காருது.”

குரு கையை நீட்டினார்.

“எண்ணுங்க. நான் மூச்சை மாத்திட மாட்டேன்.”

அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் அவர் நெஞ்சில். நெஞ்சு ஏறியது, இறங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அது அவள் காதில் விழவில்லை.

“பதினாலு.”

“உங்க மூச்சு?”

“அதை நான் பார்க்கலையே” என்றாள். சொன்ன பிறகுதான், தன் மூச்சு அடைப்பில்லாமல் போய் வருவது தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்பது பேருக்கும் என்னால முடியாது சாமி. எண்ண முடியாதவங்க தாள்ல என்ன எழுதுறது?”

“ஒண்ணும் எழுதாதீங்க.”

“கட்டம் காலியாக் கிடந்தா, என்ன ஏதுன்னு டாக்டர் கேட்பாரே.”

“கேட்கட்டும்.”