மூலைக்கு மூலை நின்ற குதிரை

ஊர் கூடினால்தான் கிளம்பும். மூலைக்கு மூலை நிற்கும். வீதியை விட்டு விலகாது, யார் வீட்டுக்குள்ளும் நுழையாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். தேர் என்கிறீர்களா? சரிதான். அந்தத் தேருக்கு நாலு காலும் ஒரு வாலும் முளைத்த கதையைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் வேழமங்கல நாட்டைச் சிங்கவேள் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் இட்ட கட்டளையை மாலையில் அவனே மறுப்பான். அவன் மகள் கோதைக்கு ஏழு வயது நிறைந்தது. அந்த நாட்டு வழக்கப்படி அவள் தனக்கென ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரண்மனை முற்றத்தில் நாலு குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

படைத்தலைவரான தண்டநாயகர் வல்லபர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றின் வேகத்தையும் வாய் ஓயாமல் புகழ்ந்து அளந்தார்.

"இவை நிற்குமா?" என்று கேட்டாள் கோதை.

"நிற்பதா! காற்று எங்கேயாவது நிற்குமா இளவரசி?" என்று சிரித்தார் அவர்.

அரசனுக்குக் கொட்டாவி வந்தது. "குதிரைப் புகழைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அமைச்சரே, இவையெல்லாம் வாகனங்களாக இருந்தால் எது எதுவாக இருக்கும்? சொல்லும்!"

அமைச்சர் ஏகாம்பரருக்கு நாக்கு அரித்தது.

"அரபுக் குதிரை ரதம், அரசே. நேர்ச்சாலையில் பறக்கும். வளைவு வந்தால் அது திரும்பிவிடும். நாம் மட்டும் நேராகப் போவோம்."

கூடியிருந்த அவை சிரித்துக் குலுங்கியது.

"சிந்துக் குதிரை பல்லக்கு. அலுங்காமல் போகும். ஆனால் நாலு ஆள் வேண்டும். ஒருவர் விசிற, ஒருவர் தடவிக்கொடுக்க, ஒருவர் ஊட்ட, நாலாமவர் அந்த மூவரின் சண்டையைத் தீர்க்க."

"இந்த மட்டக்குதிரை?"

"பரிசல். நின்ற இடத்திலேயே சுற்றும். எந்தக் கரையில் இறக்கிவிடும் என்று அதற்கே தெரியாது."

"என் மேகராசன்?" என்று முன்னால் வந்தார் வல்லபர். நாலாவதாக நின்ற பனை உயரக் காம்போசக் குதிரை அது. திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னே அதுதான் நடக்கும்.

"அது தேர், தண்டநாயகரே. பார்க்க ஆயிரம் கண் வேண்டும். மூலைக்கு மூலை நிற்கும்."

வல்லபரின் முகம் மிளகாய்ப்பழமாயிற்று. "அரசே, இப்போதே அரண்மனை வாசலிலிருந்து குளக்கரை வரை ஓட்டிக் காட்டுகிறேன். வழியில் ஒருமுறைகூட நிற்காவிட்டால், இவருடைய முத்திரை மோதிரம் என் விரலுக்கு வர வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன், வேடிக்கை கிடைத்த மகிழ்ச்சியில்.

மோதிரம் போனால் பதவியும் போகும். ஏகாம்பரர் மோதிரத்தை ஒருமுறை திருகிப் பார்த்துக்கொண்டார். பிறகு பணிவாகச் சொன்னார்: "நல்ல காரியம். பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டுத் தொடங்கலாமே?"

"ஒன்றுதானா? அமைச்சர் கை இவ்வளவுதான் நீளும் போலிருக்கிறது!" என்றார் வல்லபர். "அடேய், வீதி மூலைக்கு மூலை ஆளை நிறுத்துங்கள்! நான் வரும்போது உடையுங்கள். என் வெற்றி ஊருக்கே கேட்கட்டும்!"

அமைச்சர் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினார்.

அரசனும் அவையோரும் மாடத்தில் ஏறி நின்று பார்த்தார்கள். மேகராசன் இடிபோலக் கிளம்பியது. முதல் மூலையில் 'டப்' என்று தேங்காய் சிதறியது. குதிரை நட்ட தூண்போல நின்றது. வல்லபர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். குதிரை ஒரு சில்லைப் பொறுக்கி நிதானமாக மென்றது. விழாவில் வீட்டுக்கு வீடு தேங்காய் உடைக்கும்போது ஆளுக்கொரு சில்லு ஊட்டி வளர்த்த குதிரையல்லவா!

"போ! போ!" என்று கத்தினார் வல்லபர். அது போயிற்று, அடுத்த மூலைவரை. அங்கேயும் 'டப்'.

"போதும், வடம் பிடிக்க ஆள் அனுப்புங்கள்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான் அரசன்.

தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். வல்லபர் கையில் அரைமூடித் தேங்காயைக் கொடுக்கச் சொன்னான். அதைக் காட்டிக் காட்டி, முன்னால் நடந்தேதான் அவர் குதிரையை அரண்மனைக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. மீசை முனைகள் தாமாகவே கீழே இறங்கியிருந்தன.

"கோதை, இப்போது சொல் அம்மா. உனக்கு எது?" என்றான் அரசன்.

கோதை நாலு குதிரைகளையும் ஒருமுறை பார்த்தாள். மேகராசன் வேண்டும் என்றாள். "அதுதான் நிற்கிறது!"