ஓர் ஆளுக்கு இரண்டரை டன்

கோமதிநாயகம் முப்பது வருடம் ஆலைகளின் புகைபோக்கிகளில் ஏறிப் புகையை அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு விடுமுறைப் பயணங்களை அளக்கத் தொடங்கினார். ஊட்டிக்குக் காரில் போனால் தலைக்கு எத்தனை கிலோ கரியமிலவாயு, ரயிலில் போனால் எத்தனை, வெளிநாட்டுக்கு விமானத்தில் போனால் எத்தனை என்று பட்டியல் போட்டு, அந்தத் தாளைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்தார்.

பாபநாசம் மலையடிவாரத்தில் தியானக் கூடம் நடத்திவந்த உலகம்மை முன்பு நர்ஸாக இருந்தவர். தன்னைவிட இருபது வயது இளையவரான அவரைத்தான் கோமதிநாயகம் குருவாக ஏற்றிருந்தார்.

நான்கு மாதம் வராமல் இருந்தவர், ஜூன் மாதத்தில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு வந்து நின்றார்.

“மக காந்திமதி போயிட்டா அம்மா. மெல்போர்ன்ல. மூளையில ரத்தக் கசிவு.”

உலகம்மை எழுந்துவந்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“வருஷா வருஷம் டிசம்பர்ல வருவா. போன வருஷம் நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்?”

“போக வர ஓர் ஆளுக்கு ரெண்டரை டன் அம்மா. என் வீட்டுல ரெண்டு வருஷத்துக்கு ஆகுற புகை. தாளை அனுப்பினேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நம்ம வீட்டுக்கு வேற நியாயமான்னு எழுதினேன்.”

“அவ என்ன சொன்னா?”

“சரிப்பா, தனியா இருந்துக்குவீங்களான்னு கேட்டா. இருந்துக்குவேன்னேன்.”

வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

“பிப்ரவரியில நானே போய்க் கூட்டிட்டு வந்தேன். விமானத்துல நான் மேல சீட்டுல. அவ கீழே, சாமான்களோட. வந்ததும் கை தன்னால கணக்குப் போட்டுச்சு. சரக்குக்கு எடையை வச்சுத்தான் போடணும். பெட்டியோட நூத்துப் பத்து கிலோ.” அவர் குரல் உடைந்தது. “சரக்குன்னு போட்ட கட்டத்துல அவ பேரை எழுத முடியல அம்மா.”

உலகம்மை அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

“கணக்குல தப்பு இருக்கா?”

“நாலு தடவை பார்த்துட்டேன். இல்லை.”

“புகை?”

“அதுவும் நிஜம்தான்.”

“அந்தத் தாளை இந்தக் கூடத்துல எல்லாருக்கும் வாசிக்கச் சொன்னவ நான். அன்னைக்கும் சரின்னு நினைச்சேன். இப்பவும் சரின்னுதான் நினைக்கிறேன்.” அவர் கண்களும் நிறைந்திருந்தன.

“அப்ப நான் செஞ்சது?”

உலகம்மை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நாலு மாசமா வராதவர், இன்னைக்கு எதுக்கு வந்தீங்க ஐயா?”

“நேத்து பேத்தி போன் பண்ணினா. காந்திமதியோட பொண்ணு, தாரிணி. பதினோரு வயசு. லீவுக்கு வரட்டுமான்னு கேட்கல அம்மா. ‘தாத்தா, நான் சின்னப் பொண்ணுதானே, நான் வந்தா எவ்வளவு புகை?’ன்னு கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“லைன் சரியில்லைன்னு வச்சுட்டேன்.”

“எவ்வளவுன்னு தெரியுமா?”

“தெரியும். சின்னப் பொண்ணுன்னாலும் ஒரு சீட்டுதானே. அதே ரெண்டரை டன்.” தலையைக் குனிந்துகொண்டார். “குறைச்சுச் சொல்லலாமான்னு கேட்கத்தான் வந்தேன்.”

உலகம்மை மேசைமேல் இருந்த தன் போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

“அங்க பள்ளிக்கூடம் விட்டிருக்குமா?”

“இப்பத்தான் விட்டிருக்கும்.”

“குறைக்காதீங்க ஐயா. ரெண்டரை டன்னுன்னே சொல்லுங்க. ஆனா முதல்ல வான்னு சொல்லிருங்க.”