தவிட்டுக்குருவிகள் கூட்டம் சேர்ந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கெல்லாம் பேச்சு இருந்தது. தவிட்டுக்குருவிகளுக்கு வாய் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் இன்றுபோல ஏழெட்டாகச் சேர்ந்து திரியவில்லை. ஒரு கருவேல மரம், அதனடியில் கிடக்கும் சருகு, அவ்வளவுதான் ஒரு குருவியின் எல்லை. அடுத்தவர் எல்லைக்குள் குரல் போனாலே வம்புதான்.

சாம்பி என்ற குருவிக்கு மூன்று குஞ்சுகள். துணைக்குருவியை வல்லூறு கொண்டுபோய்விட்டது. ஒற்றையாளாய்ச் சருகைப் புரட்டுவாள், வானத்தைப் பார்ப்பாள்; மறுபடி புரட்டுவாள், மறுபடி பார்ப்பாள். பத்துப் புழு பிடிக்கும் நேரத்தில் மூன்று கிடைத்தால் அதிகம். குஞ்சுகள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தன.

ஒருநாள் கொழுத்த புழு ஒன்று மாட்டியது. அதை இழுக்கும் மும்முரத்தில் மேலே பார்க்க மறந்துபோனாள்.

"மேல பாரு" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

முட்புதருக்குள் பாய்ந்தாள். வல்லூற்றின் நகத்தில் ஒரு வால் இறகு மட்டும் போனது.

உயிர் தப்பியும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கத்தியது யார்? புழுவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு மரம் மரமாய் அலைந்தாள்.

"அண்ணே, கத்துனது நீங்களா?" என்று பக்கத்து மரத்துக் கட்டையனிடம் கேட்டாள்.

"நானா? வாயே தெறக்கல. உன் எல்லைக்குள்ள நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

"கோவிச்சுக்க வரலண்ணே. நன்றி சொல்லணும்."

"அதை நான் நம்பணுமாக்கும்."

அடுத்த மரத்து மயிலி இன்னும் மோசம். "சண்டைக்கு ஆள் தேடுறியா? வேற மரம் பாரு" என்றாள். கேட்ட எல்லோரும் கையை விரித்தார்கள். குருவிக்கு ஏது கை, சிறகைத்தான் விரித்தார்கள்.

சொல்லாத நன்றி நெஞ்சில் கிடந்து குடைந்தது. இத்தனை பேரில் ஒருவர்தானே கத்தியிருக்க வேண்டும்? சாம்பி விருட்டென்று கருவேல மரத்தின் உச்சிக்குப் பறந்தாள்.

"யாருன்னு சொல்ல வேண்டாம். எல்லாரும் குனிஞ்சு தின்னுங்க. வானத்தை நான் பாத்துக்கறேன்."

யாரும் நம்பவில்லை. ஒரு கண்ணைக் கீழேயும் ஒரு கண்ணை மேலேயும் வைத்துத்தான் கொத்தினார்கள். வல்லூறு வந்தது. சாம்பி கத்தினாள். எல்லோரும் புதருக்குள் ஒளிய, அது வெறும் நகத்தோடு திரும்பியது. அதற்குப் பிறகுதான் தலைகள் குனிந்தன. கட்டையன் பிறந்ததிலிருந்து அன்றுதான் வயிறாரத் தின்றான்.

மேலே சாம்பி தவித்தாள். கூட்டில் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. போனால் இவர்களுக்கு ஆபத்து, போகாவிட்டால் அவை தாங்காது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

திடீரென்று கத்தல் நின்றது. பதறித் திரும்பினாள். கூட்டின் விளிம்பில் கட்டையன் உட்கார்ந்து ஒரு குஞ்சின் வாயில் புழுவைத் திணித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் வாயில் வெட்டுக்கிளியோடு மயிலி காத்திருந்தாள். தன் முறை முடிந்ததும் அவள் உச்சிக்கு வந்தாள்.

"நீ எறங்கிப் போய்ச் சாப்பிடு. கொஞ்ச நேரம் நான் பாக்குறேன்."

சாம்பி இறங்கிப் போனாள். வானத்தைப் பார்க்காமல் சருகைப் புரட்டினாள். முதலில் கத்தியது யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஒன்றைக் காவலுக்கு ஏற்றிவிட்டுக் கூட்டமாய் மேய்கின்றன. கூட்டிலிருக்கும் குஞ்சும் வருவது தாயா என்று பார்ப்பதில்லை. யார் வந்தாலும் வாயைத் திறக்கிறது.