பேராயியின் அச்சுப்பலகை

“எல்லாரும் படிச்சிட்டாங்க, எனக்கு மட்டும் எழுத்து முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. இதுக்குப் பேரு பாடமா?”

சொன்னதையே அப்படியே மறுபடியும் சொல்லிக் கத்தினாள் பேராயி.

ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த பூங்காவு அசையவில்லை. அக்கரைக்காரி. பேராயியைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் குரு. என்ன செய்ய!

“திருத்தேன், வாத்தியாரம்மா! வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நல்லாத்தானே இருக்கு, அக்கா.”

“எது, இதுவா?”

பேராயி செங்கல் சூளை முதலாளியின் அடிமை. சூளையில் எல்லோரும் அப்படித்தான். கல் அறுக்கும் மர அச்சில் முதலாளியின் முத்திரையைச் செதுக்குவது அவள் வேலை. கல்லில் நேராக விழ வேண்டுமென்றால் மரத்தில் இடம் வலமாக வெட்ட வேண்டும். வெட்டி வெட்டிக் கை அப்படியே பழகிவிட்டது.

அவள் தோளிலும் அதே முத்திரை, பச்சை குத்தியது. வருகிற அமாவாசைக்கு மகள் சிட்டுவின் தோளில்.

“அக்கரைக்கு வந்துட்டா யாரும் தொட முடியாது. ஓடம் தயார்,” என்றாள் பூங்காவு. “மத்தவங்களுக்குத்தான் எப்படிச் சொல்றது?”

இதே கரையில் பூங்காவிடம் எழுத்துப் படித்த மற்றவர்களைக் கங்காணி இப்போது ஆற்றுப் பக்கமே விடுவதில்லை. அச்சை ஊறவைக்கப் பேராயி மட்டும் வருகிறாள்.

“களத்துல வாயைத் திறந்தா சாட்டை. ராத்திரியில குடிசைக்குப் பூட்டு. நீயே சொல்லு, எப்படி?”

பேராயி பலகையில் கீறியிருந்த பாடத்தின் மேல் ஈரக் களிமண்ணை அப்பினாள். மெல்ல உரித்தாள். திருப்பிக் காட்டினாள்.

எழுத்துகள் முகம் காட்டி நின்றன.

ஓடம்.

பேராயி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைதுகொண்டிருந்தது யாரை என்பதுகூட மறந்துபோயிற்று.

அமாவாசைக்கு முந்தின நாள் களம் முழுக்க ஈரக் கல். ஒவ்வொன்றிலும், ‘நாளை விடியலில் ஓடம்’. குனிந்தவர்கள் படித்தார்கள். நிமிரவில்லை.

கங்காணிக்கும் முதலாளி எழுத்துச் சொல்லித் தந்ததில்லை. “முத்திரை புதுசா? சும்மா சொல்லக் கூடாது, ஜோரா இருக்கு!” என்று சாட்டையைச் சுழற்றிக்கொண்டு போனான்.

விடியலில் வழக்கம்போல் வேலைக்காகப் பூட்டுகள் திறந்தன. பனியா, சூளைப் புகையா, தெரியவில்லை. களமே இல்லை, கரையே இல்லை. எல்லோரும் வெண்மைக்குள் நடந்தார்கள். ஓடம் தண்ணீரில் போகிறதா, வானத்திலா என்று சிட்டு கேட்டாள். கேட்டபடியே மடியில் தூங்கிப்போனாள். பேராயி அந்த வெறுந்தோளைத் தடவினாள்.

எங்கிருந்தோ, முகமில்லாமல், கங்காணியின் குரல் மட்டும் தண்ணீரின் மேல் வந்தது.

“இந்தக் கல்லுல என்னதான் எழுதியிருக்கு? யாராவது படிச்சுச் சொல்லிட்டுப் போங்களேன்!”