நாக்கு புரண்ட காவல்காரன்

மீனும் மனிதரும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், கரைக்கும் தீவுக்கும் நடுவே, ஆள் நின்றால் இடுப்பு நனையும் ஆழத்தில், ஒரு கடல்புல் வெளி இருந்தது. வள்ளத்தில் போகிறவர்களுக்கு அது வெறும் பச்சைத் திட்டு. தலையை உள்ளே விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். கடல் குதிரைகள் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு அலைக்கு ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் குடும்பத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிவது ஆண். கணவாய் தன் முட்டைகளை நாவற்பழக் கொத்துப் போலக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். இறால் குஞ்சுகள் கண்ணாடி உடம்போடு, காலையில் என்ன தின்றோம் என்பதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு அலையும். வெளிக்கடலில் பெரிய ஆளாக மிரட்டிக்கொண்டிருக்கும் பாரை மீன்கூட, சின்னதில் இந்தப் புல்லுக்குள் ஒளிந்து வளர்ந்ததுதான்.

கரைக்கும் கடலுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. புல்லுக்குள் யாரும் வலை இறக்கக் கூடாது. அங்கே வளர்ந்து, புல்லைத் தாண்டி வெளியே வருவதைக் கரைக்காரர்கள் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் மனதாரத்தான் ஒப்புக்கொண்டன. இருந்தாலும் காவலுக்கு ஒருவர் வேண்டுமே. நண்டைப் போடலாம் என்றார்கள். அது எந்தப் பக்கம் நகரும் என்பதற்கே உறுதி கிடையாது. கணவாயைச் சொன்னார்கள், ஆளுக்குத் தகுந்தபடி நிறம் மாற்றுகிறவன் காவலுக்கு ஆவானா? பேத்தை மீன் எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொண்டு உப்பிவிடும். சுறா தானாக முன்வந்தது. எல்லாரும் மரியாதையாக வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

கடைசியில் ஒரு மீனைத் தேர்ந்தெடுத்தார்கள். நிமிர்ந்து நீந்துகிறவன், வெள்ளித் தகடு போல் உடம்பு, பக்கத்துக்கு ஒன்றாகத் தெளிவான இரண்டு கண்கள். வலது கண்ணால் புல்லைப் பார்ப்பான், இடது கண்ணால் வெளிக்கடலைப் பார்ப்பான், தலையைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. அவனுடைய பழைய பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. எல்லாரும் காவல்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

வலை வந்தால் அவன் ஓடிப்போய் ஆவுளியாவிடம் சொல்ல வேண்டும். ஆவுளியா என்பது கடல் பசு. புல்லைத் தவிர வேறெதுவும் தின்னாதவள். குறுக்கே போய் நின்றாளானால் எந்த வலையும் கிழியும்.

"வாக்குக் குடுக்குறியா தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"குடுத்தாச்சுக்கா. சொன்ன நாக்குப் புரளாது" என்றான் காவல்காரன்.

ஐந்து வருஷம் புரளவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்து வருஷத்தில் ஒரு வலைகூடப் புல்லுக்குள் இறங்கவில்லை. அவன் வருகிறான் என்றால் குஞ்சுகள் வழி விட்டு நின்றன. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆறாம் வருஷம் கச்சான் என்கிற மேல்காற்று பிடித்துக்கொண்டது. நாற்பது நாள் விடாமல் வீசியது. எந்த வள்ளமும் வெளிக்கடலுக்குப் போகவில்லை. காற்று சற்றுத் தணிந்த ஒரு காலையில் சடையன் என்ற மீன்பிடிக்காரன் புல்வெளி ஓரத்துக்கு வந்து நின்றான். தோளில் வலை கிடந்தது.

"காவல்காரரே, சௌக்கியமா?"

"வலையத் தோள்ல போட்டுக்கிட்டுச் சௌக்கியம் கேக்குறீகளே அண்ணே."

சடையன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நாப்பது நாளா அடுப்புல மீன் வேகல. புள்ளைக நண்டு ஓட்டக் காய்ச்சிக் குடிக்குதுக. ஒரு வலை விட்டுக்கிறேன். ஒரே ஒரு வலை."

"முடியாதுண்ணே. உள்ள பூராவும் குஞ்சு."

"நீங்களும் புள்ளகுட்டிக்காரர் ஆகப் போறீகளாமே. கேள்விப்பட்டேன்."

அது உண்மை. மூன்று நாளுக்கு முன்னால்தான் அவன் மனைவி புல்வெளியின் கிழக்கு மூலையில் முதல் முறையாக முட்டை விட்டிருந்தாள். ஐந்து வருஷம் ஊரார் பிள்ளைகளைக் காத்தவனுக்குச் சொந்தப் பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை அந்த மூலைக்குப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெழக்கு மூலைதானே?" என்றான் சடையன். "அந்தப் பக்கம் என் வலை வராது. இது சத்தியம். ஆனா ஒண்ணு, கோவிச்சுக்கிடாதீக. நான் ஒருத்தன் வந்து கேக்குறேன். நாளைக்குப் பத்துப் பேரு கேக்காமலே வருவான். அவனுக்கு எந்த மூலைன்னு தெரியுமா? இன்னைக்கு என்னை விட்டீகன்னா, அவன்ககிட்ட நானே சொல்லி உங்க மூலையத் தொட விடாமப் பாத்துக்கிடுறேன்."

காவல்காரன் யோசித்தான். யோசிக்கிற விஷயமே இல்லை, வாலைச் சுழற்றிக்கொண்டு ஆவுளியாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனாலும் யோசித்தான்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேணாம். ஒரு வலை இழுக்குற நேரத்துக்குக் கண்ண மூடிக்கிடுங்க."

"மீனுக்கு ஏதுண்ணே இமை? எதை வச்சு மூட?"

சடையன் இதை எதிர்பார்க்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டான். பிறகு சொன்னான்: "அப்ப ஒருக்களிச்சுப் படுத்துக்கிடுங்க. புல்லுப் பக்கத்துக் கண்ணு மணலுக்குள்ள போயிரும். பாக்கலன்னா பாக்கலதானே?"

உச்சிவெயில் நேரம். நீர் வற்றிக்கொண்டிருந்தது. காவல்காரன் மெல்லச் சரிந்து, வலப்பக்கம் கீழாக மணலில் படுத்தான். வலது கண் மணலில் புதைந்தது. இடது கண்ணுக்கு மேலே தண்ணீரும் அதற்கு மேலே வெயிலும் தெரிந்தன. வலையின் அடியில் கட்டிய கற்கள் தரையில் உருளும் சத்தம் கேட்டது. புல் வேரோடு பிடுங்குபடும் சத்தமும் கேட்டது. "காவல்காரண்ணே! காவல்காரண்ணே!" என்று சின்னக் குரல்கள் கூப்பிட்டன. அவன் எழுந்திருக்கவில்லை. கிழக்கு மூலை பத்திரம், கிழக்கு மூலை பத்திரம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கிடந்தான்.

சடையன் சொன்ன சொல் காத்தான். கிழக்கு மூலைக்கு நாலு முழம் இப்பாலேயே வலையைத் திருப்பிவிட்டான். ஆனால் வேர் போன தரையிலிருந்து சேறு கிளம்பியது. அந்தச் சேற்றுக்குக் கிழக்கும் தெரியாது, சத்தியமும் தெரியாது. புகை மூட்டம் போல நகர்ந்து போய் அந்த மூலையின் மேல் படிந்தது.

சேறு அடங்குவதற்குள் ஆவுளியா வந்துவிட்டாள். அவளுடைய ஒரே கன்று புல்லுக்குள் மேய்ந்துகொண்டிருந்தபோது வலையில் சிக்கியிருந்தது. கடல் பசுவுக்கு நம்மைப் போலவே மூச்சு. அடிக்கடி மேலே வந்து வாங்கியாக வேண்டும். வலை அதைக் கீழேயே அழுத்தி இழுத்துப் போனது. தாய் சத்தம் கேட்டு வந்து வலையைக் கிழித்தபோது கன்று அசையவில்லை.

"பாத்தியா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பாக்கலக்கா." அது பொய்யும் இல்லை.

"எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

"மேல."

"மேல வரத்தான்டா எம் புள்ள தவிச்சான்."

அவள் கன்றைச் சுற்றிக் கிடந்த வலைத் துண்டுகளை விலக்கினாள். "நாக்குப் புரண்டுட்டியே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கன்றை முதுகில் தாங்கிக்கொண்டு போனாள். சாபம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காவல்காரனுக்கு நிமிர மனம் வரவில்லை. நிமிர்ந்தால் வலது கண்ணுக்கு அந்த மொட்டைத் தரை தெரியும். படுத்தபடியே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிழக்கு மூலைக்குப் போனான். அங்கேயும் படுத்தே கிடந்தான். ஆனால் மணலுக்குள் கிடந்த கண் சும்மா இருக்குமா? மூட இமை இல்லாத கண். மணல் உறுத்த உறுத்த, அது நாளுக்கு ஒரு நூலளவாக நகர்ந்தது. நெற்றியைச் சுற்றி மேலேறி, இடது கண்ணின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு இரண்டு கண்ணாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடந்தான். போகிற வருகிறவர்கள் அவனைக் காவல்காரன் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, "நாக்குப் புரண்டவன்" என்றார்கள். அப்புறம் அதுவும் நீளமாக இருக்கிறதென்று வெறும் "நாக்கு" என்றார்கள்.

கிழிந்த வலையில் மிஞ்சியதைக் கொண்டு சடையனின் பிள்ளைகள் ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அடுத்த வருஷம் காற்று அடங்கிக் கடல் குளம் போலக் கிடந்தும், வெளிக்கடலில் பிடிக்க ஒன்றும் இல்லை. புல்லுக்குள் வளர்ந்தால்தானே வெளியே வரும்? கரைக்காரர்கள் தாங்களே தடி ஊன்றி அந்த இடத்துக்கு எல்லை கட்டினார்கள். புல் பழையபடி தழைக்கப் பதினேழு வருஷம் ஆனது.

அதற்கெல்லாம் முன்பே, வலை விழுந்த சில நாளில், கிழக்கு மூலையில் சேற்றுக்குத் தப்பி ஏழு முட்டைகள் பொரிந்தன. ஏழும் நிமிர்ந்து நீந்தின. பக்கத்துக்கு ஒரு கண், வெள்ளித் தகடு போல் உடம்பு. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நாட்கள் நாக்கு மீன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

ஒரு நாள் மூத்தது கிட்ட வந்து, "ஏன்ப்பா படுத்தே கெடக்கீக?" என்று கேட்டது.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவன், "இப்படிக் கெடந்தா சொகமா இருக்கு" என்றான்.

மூத்தது கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்லச் சரிந்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மற்ற ஆறும் வந்து வரிசையாகப் படுத்தன. "எந்திரிங்க! எந்திரிங்கடா!" என்று அவன் கத்தினான். ஒன்றும் எழுந்திருக்கவில்லை.

நாக்கு மீனின் குஞ்சு எல்லா மீனையும் போல நிமிர்ந்து பிறப்பதும், சில நாளில் அதன் ஒரு கண் இடம் மாறி, அது மணலில் சரிந்து படுத்துவிடுவதும் அன்று முதல்தான்.