கூடவே வரும் பலகை

கருங்கல்கோட்டையை ஆண்ட வீரமல்லப்ப நாயக்கருக்குத் திடீரென்று தாவுகிற பைத்தியம் பிடித்தது.

அரண்மனைத் தோட்டத்து முதலைக் குளத்தின் மேல் இக்கரையிலிருந்து அக்கரை வரை பலகைகளை வரிசையாக அமைக்கச் சொன்னார். அவற்றில் மூன்று ரகம். பச்சைப் பலகை அசையாமல் நிற்கும். சிவப்பில் கால் வைத்தால் அடியில் இருக்கும் மூங்கில் ஆளை எம்பித் தூக்கி அடுத்த பலகையில் கொண்டுபோய் விடும். மஞ்சள், மிதித்த உடனே கழன்று விழும். அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். மகாராஜா தினமும் காலையில் குரங்கு மாதிரி தாவி அக்கரை சேர்ந்து மீசையை முறுக்கிக்கொள்வார்.

அத்தோடு விட்டாரா? ஒருநாள் சபையில் ஆணையே போட்டுவிட்டார்.

"என் அதிகாரிகள் எல்லாரும் தாவ வேண்டும். இக்கரையில் கிளம்பினால் அக்கரை சேரும்வரை பலகையைத் தவிர வேறெதிலும் காலடி படக்கூடாது. முடியாதவருக்குப் பதவி கிடையாது. முதலில் குழைக்காதர் தாவட்டும்!"

குழைக்காதர் மகாராஜாவின் ஆலோசகர். நல்ல பருமன். அரண்மனைப் படியேறவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

முதலில் தன் பெயரைச் சொல்ல வைத்தது யார் என்பது அவருக்குத் தெரியும். தளவாய் மெய்க்கன்தான். படைக்கு அவன் வாங்கிய குதிரைகளில் பாதி கோவேறு கழுதை என்று குழைக்காதர் சபையில் போட்டு உடைத்ததிலிருந்து அவன் கறுவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை குளக்கரையில் ஊரே கூடிவிட்டது. தளவாய் இளித்துக்கொண்டே வந்தான்.

"பயப்படாதீர் ஓய்! உமக்காகவே முதல் பலகையைப் பச்சையாகப் போடச் சொன்னேன். தைரியமாகக் காலை வையும்."

குழைக்காதருக்குச் சுருக்கென்றது. இவனாவது, எனக்கு நல்லது செய்வதாவது! கீழே ஒரு முதலை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. அவர் மகாராஜா பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"மகாராஜா, எனக்குக் கால் உதறுகிறது. முதல் பலகையில் மட்டும் தாங்கள் முன்னே ஏறி என் கையைப் பிடித்துக்கொண்டால் எனக்குத் தைரியம் வரும். பச்சைதானே! தளவாயே பார்த்துப் பார்த்துப் போட்டது."

தாவச் சொன்னால் மகாராஜாவுக்குக் கசக்குமா? "இதோ!" என்று வேட்டியை வரிந்து கட்டினார். காலைத் தூக்கினார்.

"ஐயோ, மகாராஜா! வைக்காதீர்கள்!" என்று அலறினான் தளவாய்.

"ஏனய்யா? பச்சைதானே?"

தளவாய் இரண்டடி பின்னால் நகர்ந்தான். முகம் வெளிறிவிட்டது. மகாராஜா ஒரு காவலனின் ஈட்டியை வாங்கிப் பலகையை ஒரு குத்து குத்தினார். பலகை கழன்று விழுந்தது. முதலை அதைக் கவ்விக்கொண்டு முழுகியது. உடைந்த சில்லொன்று மிதந்து வந்தது. மேலே பச்சை, உரிந்த இடத்தில் மஞ்சள்.

தளவாய் தடாலென்று காலில் விழுந்தான்.

"அடப் பாவி! அந்த வாளைக் கழற்று! இன்றிலிருந்து இந்த முதலைகளுக்கு மீன் போடுவதுதான் உன் வேலை!" என்று கர்ஜித்தார் மகாராஜா.

குழைக்காதர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"எங்கே போகிறீர்? அவன் கதைதான் முடிந்தது. என் ஆணை அப்படியேதான் இருக்கிறது!"

குழைக்காதர் நின்றார். தாடையைச் சொறிந்தார். பிறகு தச்சர்களிடம் மிஞ்சிக் கிடந்த இரண்டு பலகைத் துண்டுகளை வாங்கி, காலுக்கு ஒன்றாகக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டார். டக், டக் என்று குளத்தைச் சுற்றிக் கரையோடு நடக்க ஆரம்பித்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். மகாராஜாவும் கூடவே ஓடினார்.

"ஓய், இது என்ன கூத்து?"

"பலகையைத் தவிர வேறெதிலும் காலடி படக்கூடாது என்பது உத்தரவு. எங்கேயாவது பட்டதா மகாராஜா?"

"படவில்லை. ஆனால் இது பச்சையா, சிவப்பா, மஞ்சளா?"

"இது நாலாவது ரகம். ஒன்று நிற்கும், ஒன்று தூக்கும், ஒன்று விழும். இது கூடவே வரும்."

அக்கரையில் போய் அவர் கயிற்றை அவிழ்த்தபோது மகாராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஜெயித்துவிட்டீர்! என்ன பரிசு வேண்டும், கேளும்."

குழைக்காதர் வலித்த பாதத்தைத் தடவிக்கொண்டார். "ஐந்தாவது ரகப் பலகை ஒன்று இருக்கிறது மகாராஜா. நான் அசையவே வேண்டாம். நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கிடைத்தால் போதும்."

மகாராஜா திடுக்கிட்டார். "சிவ சிவா! அது பாடை அல்லவா?"

"அது தளவாய் எனக்குப் பார்த்து வைத்த ரகம், மகாராஜா. நான் கேட்பது பல்லக்கு!"